நட்சத்திர விடுதியும் நடுவுநிலைமையும்

மதுவிலக்கைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இருவேறு வினாக்கள் ஒன்றோடொன்று கலந்து நின்று நம்மை மயக்குகின்றன. மது விற்பனையைத் தடுக்கவும் குறைக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டா என்பது முதல் வினா. அவ்வதிகாரத்தை அரசு எவ்வாறு செலுத்துதல் வேண்டும் என்பது இரண்டாம் வினா. முதலாவது சட்டத்தின்பாற்பட்டது, நீதிமன்றங்கள் அதற்கு விடை கூறிவிட்டன. இரண்டாவது சட்டத்தோடு அறத்தையும் சார்ந்தது; அதற்கு விடை காணும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உரியது. எனினும், முதல் வினாவுக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ளும் வழக்கம் வளர்ந்து வருகிறது. அரசுக்கு அதிகாரம் உண்டு என்று மன்றம் சொல்லிவிட்டால், அரசு செய்ததெல்லாம் முறை என்று பலரும் அமைதி கொள்கின்றனர். இவ்வமைதி தகாதது என்பதை, விடுதிகளின் மது உரிமம் பற்றி அண்டை நாட்டில் நிகழ்ந்த ஒரு பெருவழக்கைக் கொண்டு ஆராய்வோம்.

தொடங்குமுன் ஒரு சொற்குறிப்பு. நாட்டின் தலைமை மன்றத்தை இந்தியத் தமிழர் 'உச்ச நீதிமன்றம்' என்பர். இலங்கையில் நாம் அதனை 'உயர் நீதிமன்றம்' என்கிறோம். அங்கே 'உயர் நீதிமன்றம்' என்பது மாநில மன்றத்தைக் குறிக்கும். மயக்கம் நேராதிருக்க, இந்திய வழக்குகளைக் கூறுமிடத்து அந்நாட்டு வழக்கையே மேற்கொள்வோம்.

கேரளத்தில் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 418 மதுச்சாலைகளின் உரிமங்கள், அவை உரிய தரமில்லாதவை என்னும் காரணத்தால் புதுப்பிக்கப்படாமல் நின்றன. அவற்றைத் திறப்பதா, மூடியே வைப்பதா என்று ஆளுங் கட்சிக்குள்ளேயே பூசல் எழுந்தது. பூசலின் முடிவில், முதலமைச்சர் உம்மன் சாண்டியின் அரசு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. பத்தாண்டில் முழு மதுவிலக்கை எய்துவது அதன் குறிக்கோள். ஆண்டுதோறும் காந்தியடிகள் பிறந்த நாளில் அரசின் சில்லறை மதுக்கடைகளுள் நூற்றுக்குப் பத்து மூடப்படும் என்றும், ஐந்து நட்சத்திர விடுதிகளைத் தவிர வேறெந்த விடுதிக்கும் மதுச்சாலை உரிமம் இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. முன்னர் மூடிய 418 அன்றி, மேலும் ஏறத்தாழ முந்நூறு மதுச்சாலைகள் இதனால் மூடவேண்டியவை ஆயின.

விடுதி உரிமையாளர்கள் நீதிமன்றம் ஏறினர். 2014 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழ்ப்பட்டனவுமாகிய விடுதிகளைப் பற்றிய அரசின் முடிவை ஏற்று, நான்கு நட்சத்திர விடுதிகளுக்கும் பாரம்பரிய விடுதிகளுக்கும் மட்டும் விலக்களித்தார். 2015 மார்ச் மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்ந்த ஆயம் அவ்விலக்கையும் நீக்கி, அரசின் கொள்கையை முழுமையாக நிலைநிறுத்தியது. வழக்கு டில்லிக்குச் சென்றது. 2015 டிசம்பர் 29ஆம் நாள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விக்ரமஜித் சென், சிவ கீர்த்தி சிங் ஆகிய இருவரும் விடுதியாளரின் மேன்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தனர்.

இத்தீர்ப்புக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. பம்பாய் மாகாணத்தின் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்துப் பல்சாரா என்பார் தொடுத்த வழக்கில், 1951ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. படைவீரர்க்கும் அயல்நாட்டார்க்கும் அச்சட்டத்தில் அளிக்கப்பட்ட விலக்குகள் சமத்துவத்துக்கு முரணானவை என்ற வாதம் அப்போதே எழுந்தது. மக்களைத் தக்க காரணத்தோடு வகைப்படுத்தல் சமத்துவத்துக்கு மாறாகாது என்று மன்றம் அதனை மறுத்தது. பின்னர் 1994ஆம் ஆண்டில், கர்நாடக அரசுக்கு எதிராகக் கோடே வடிசாலையார் தொடுத்த வழக்கில் ஐவர் கொண்ட அரசியற் சாசன ஆயம் விரிவான தீர்ப்பை வழங்கியது. மது வணிகம் செய்தல் எந்தக் குடிமகனுக்கும் அடிப்படை உரிமையன்று. அரசு அதனை முற்றாகத் தடுக்கலாம். தானே தனியுரிமையாக நடத்தலாம். இவை அத்தீர்ப்பின் முதற் பகுதி. அதற்கு அடுத்த பகுதியை மேடைகளில் எவரும் எடுத்துரைப்பதில்லை. அரசு மது வணிகத்தை அனுமதிக்குமாயின், தகுதியுடையோருக்குள் பாகுபாடு காட்டலாகாது என்பதே அது.

ஆக, முதல் வினாவுக்கு ஐயமற விடை கிடைத்துவிட்டது. அரசுக்கு அதிகாரம் உண்டு. மதுவை விலக்க முயலுதல் அரசின் கடமை என்று இந்திய அரசியற் சாசனத்தின் 47ஆம் உறுப்பும் கூறுகிறது. இதில் நாம் மன்றத்தோடு முற்றும் உடன்படுகிறோம். அரிசி விற்பவனும் ஆடை விற்பவனும் கோரும் வணிக உரிமையை மது விற்பவன் கோருதல் பொருந்தாது. வாங்குபவனின் அறிவை மயக்குவதே அப்பண்டத்தின் தொழிலாகையால், அதனை விற்கும் உரிமையும் பிறவற்றைப் போன்றதன்று.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். ஐந்து நட்சத்திர விடுதிக்கு ஆகும் மது, நான்கு நட்சத்திர விடுதிக்கு ஏன் ஆகாது? மூன்று நட்சத்திரத்தில் தீங்காவது ஐந்தில் எங்ஙனம் தீங்கற்றதாயிற்று? இவ்வினாவை மன்றம் எதிர்கொள்ளாமல் விடவில்லை. ஐந்து நட்சத்திர விடுதிகளில் மதுவின் விலை மிக உயர்ந்தது. அவ்வுயர்வே மிதமிஞ்சிய குடிக்குத் தடையாகும். அங்கே வருவோர் முதிர்ந்தவர்கள், குடிப்பதற்கென்றே வருபவர்களல்லர். சுற்றுலாத் தொழிலின் தேவையும் கருதத்தக்கது என்பன போன்ற காரணங்கள் தீர்ப்பில் இடம்பெற்றன. சட்டத்தின் கண் கொண்டு பார்க்குமிடத்து இக்காரணங்கள் போதியனவாகலாம். அரசின் கொள்கை வகுப்பில் மன்றம் ஓரளவுக்கு மேல் நுழைவதில்லை. வகைப்படுத்தலுக்கு ஏற்கத்தக்க காரணம் ஒன்றுண்டா என்பதையே அது பார்க்கும். அதனினும் சிறந்த வகை உண்டா என்று தேடுவது அதன் தொழிலன்று.

ஆயினும் ஆசிரியரும் மாணவரும் இக்காரணங்களைச் சற்று நிறுத்திப் பார்த்தல் நன்று. விலை உயர்வு தடையாகும் என்பது யாருக்குத் தடை? பணமில்லாதவனுக்கே தடை. பணமுள்ளவன் முதிர்ந்தவன் என்பதும், இல்லாதவன் அடக்கமற்றவன் என்பதும் அக்காரணத்தின் உள்ளே ஒளிந்து நிற்கும் துணிபுகள். செல்வத்துக்கும் அடக்கத்துக்கும் அத்தகைய உறவு உண்டென்பதை நம் முன்னோர் எவரும் ஒப்பியதில்லை. செல்வத்தோடு செருக்கு வரும் என்பதையே அவர்கள் மீண்டும் மீண்டும் எச்சரித்தனர்.

நம் இலக்கியத்தில் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. சங்ககாலத் தமிழர் கள்ளை வெறுத்தவரல்லர். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட பெருந்தன்மையே முதற்கண் நினைவுகூரப்படுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளின் மேல் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உயர்ந்தோர் மது, தாழ்ந்தோர் மது என்ற வேறுபாடும் அக்காலத்தில் இருந்தது. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்டப் பாண்டிய வேந்தன் இனிதிருக்குமாறு வாழ்த்துகிறார் நக்கீரர். ஊரவர்க்கோ பனையும் தெங்கும் தந்த கள். அயல்நாட்டு மது அரண்மனைக்கும் உள்ளூர்க் கள் குடிசைக்கும் என்ற அப்பாகுபாட்டின் வழித்தோன்றல் என்றே இற்றை நாள் ஐந்து நட்சத்திர விதியைச் சொல்லலாம்.

வள்ளுவர் வந்து அப்பாகுபாட்டைத் துடைத்தெறிந்தார். கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தை அவர் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையில் வைத்தார். அவ்வதிகாரம் முழுவதிலும் குடிக்கப்படும் இடம் எது, கலம் எது, விலை யாது என்ற ஆராய்ச்சியே இல்லை. வேந்தன் உண்டாலும் ஏவலன் உண்டாலும் அறிவு மயங்குதல் ஒன்றே. மறைவில் உண்பதால் இழிவு மறையாது என்பதும் அவர் கருத்து. குளிரூட்டிய அறையின் கண்ணாடிக் கதவு மறைப்பதும் மறைவுதானே! அறத்துப்பாலில் நடுவுநிலைமை என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தவர், கள்ளுண்ணாமையிலும் அந்நடுவுநிலைமையைக் கைவிடவில்லை என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது.

இவ்வாறு கூறுவதால் நாம் விடுதி உரிமையாளரின் பக்கம் சாய்ந்துவிட்டதாக எவரும் எண்ணவேண்டா. அவர்கள் சமத்துவம் என்ற சொல்லை மன்றத்தில் முழங்கினர். அவர்கள் வேண்டிய சமத்துவமோ விற்பவருக்குள் சமத்துவம். குடிப்பவனின் வீட்டில் அடுப்பெரியாத மாலைப்பொழுது அவர்களின் மனுவில் இடம்பெறவில்லை. பரிவுக்கு உரியவர்கள் மதுச்சாலைகளில் பணிபுரிந்து வேலையிழந்த ஊழியர்கள். அவர்களின் இன்னலை நீதிபதிகளும் எண்ணிப் பார்த்தனர் என்பது தீர்ப்புக்குப் பெருமை தருவது. மது பற்றிய உரிம வழக்கு என்றாலே உரிமம் வைத்திருப்பவர் ஒருபுறமும் உரிமம் கொடுப்பவர் மறுபுறமும் நிற்பர். குடியால் அழியும் குடும்பத்துக்கு அவ்வழக்கில் இருக்கையே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து எழுந்த ஒரு வழக்கு இதற்கு விலக்கு. நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் உள்ள மதுக்கடைகளால் உயிர்ச்சேதம் மிகுகிறதென்று வழக்கறிஞர் பாலு பொதுநலம் கருதி வழக்குத் தொடுத்தார். 2016 டிசம்பர் 15ஆம் நாள், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீற்றருக்குள் மது விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இருபதினாயிரம் பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அவ்வெல்லை பின்னர் 220 மீற்றராகக் குறைக்கப்பட்டது. விடுதிகளின் மதுச்சாலைகளும் அவ்வாணைக்கு உட்பட்டவை என்று 2017 மார்ச் 31ஆம் நாள் மன்றம் தெளிவுபடுத்தியது. நட்சத்திரத்தை எண்ணாமல் மீற்றரை எண்ணிய விதி அது. பெருவிடுதியும் சிறுகடையும் அதன்முன் ஒன்றாயின.

அடுத்து நிகழ்ந்தவை நகைப்புக்கு உரியன. சில மாநிலங்கள் நெடுஞ்சாலைகளின் பெயரையே மாற்றி அவற்றை ஊர்ச்சாலைகள் ஆக்கின. கேரளத்தின் வடபரவூரில் ஒரு மதுச்சாலையார், வாயிலுக்கு முன்னே வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை ஒன்றைக் கட்டி, நடக்கும் தூரத்தை நீட்டிக் காட்டினர். 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அவ்வாணை பொருந்தாது என்ற விளக்கமும் வந்துசேர்ந்தது. பொருள் படைத்தவர் தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு செல்ல வழி காண்பர் என்பதற்கு அந்த வளைந்த நடைபாதையே போதிய சான்று.

கேரளத்துக் கதைக்கு மீளுவோம். மூடப்பட்ட மதுச்சாலைகள் பல, பியரும் வைனும் விற்கும் கூடங்களாக உருமாறின. அரசின் சில்லறைக் கடைகளின் முன் வரிசை நீண்டது. மதுச்சாலை உரிமம் தொடர்பாகக் கையூட்டுப் பெற்றார் என்ற குற்றச்சாட்டை மறுத்துவந்த நிதியமைச்சர் கே. எம். மாணி 2015 நவம்பரில் பதவி விலகினார். 2016இல் ஆட்சி மாறியது. 2017 ஜூலை முதல் மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மீண்டும் உரிமம் வழங்கப் பினராயி விஜயனின் அரசு முடிவு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் வென்ற கொள்கை, வென்ற பதினெட்டுத் திங்களில் கைவிடப்பட்டது. சட்டத்தின் முன் நின்றது மக்கள் மனத்தில் நிற்கவில்லை. பாகுபாட்டின் மேல் கட்டிய மதுவிலக்கைத் தாங்கிப் பிடிக்க மக்கள் முன்வருவதில்லை. தன் ஊர் மதுச்சாலை மூடியிருக்க, நகரத்துப் பெருவிடுதியின் மதுச்சாலை திறந்திருப்பதைக் காணும் ஏழை, அவ்விதியை ஒழுக்க விதியாகக் கருதான். தன்மேல் விழுந்த தண்டனை என்றே கருதுவான்.

இக்கதை நமக்கு எவ்வாறு பொருந்தும்? இலங்கையின் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத்தது. சாராயக் குத்தகை வருமானம் குடியேற்ற அரசின் முதன்மை வருவாய்களுள் ஒன்றாயிருந்த காலத்தில் பிறந்தது அது. ஊர்தோறும் கள்ளுத் தவறணைகள் திறக்கப்படுவதைக் கண்டு மக்கள் கொதித்தெழுந்தனர். அன்று வலுப்பெற்ற மதுவொழிப்பு இயக்கமே பின்னாளைய அரசியல் விழிப்புக்கு ஏணியாயிற்று. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் அவ்வியக்கத்தில் முன்னின்றவர்கள். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர்களைச் சிறையிலிட்ட அரசின் கொடுமையை எதிர்த்து இங்கிலாந்து வரை சென்று வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அடுத்துவந்த ஆண்டுகளில், ஒரு தவறணை வேண்டுமா வேண்டாவா என்பதை அவ்வூர் மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறையும் இந்நாட்டில் வழங்கியது. யாழ்ப்பாணத்திலும் பிற மாவட்டங்களிலும் பல தவறணைகள் அவ்வாறு மூடப்பட்டன. எவருடைய நட்சத்திரத்தையும் எண்ணாமல் ஊரின் விருப்பத்தை எண்ணிய முறை அது.

இன்று நிலை என்ன? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்றலைத் தடுக்கிறது. பௌர்ணமி நாளில் மதுக்கடைகள் அடைக்கப்படுகின்றன. இவை பொது விதிகள், நல்ல விதிகள். ஆயினும் அனுமதிப்பத்திரம் வழங்கும் முறையில் நடுவுநிலைமை உண்டா என்ற ஐயம் தீரவில்லை. 2024 டிசம்பரில், அவ்வாண்டில் வழங்கப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட மது அனுமதிப்பத்திரங்களின் பட்டியலைச் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் முன்வைத்தார். அவற்றுட் பல அரசியற் சலுகைகளாக வழங்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. ஊரவர் எவரையும் கேளாமல் ஊருக்குள் மது வந்து சேர்வதே அக்குற்றச்சாட்டின் உட்பொருள்.

பெண்களைப் பற்றிய விதியையும் இங்கு நோக்குதல் தகும். பெண்களுக்கு மது விற்றலையும், மது விற்கும் இடங்களில் அவர்களை வேலைக்கு அமர்த்தலையும் 1979ஆம் ஆண்டு அறிவித்தல் ஒன்று தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பில் தடை மீண்டும் வந்தது. சமத்துவ உரிமை மீறப்பட்டதென்று பெண்கள் சிலர் நம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். பெண்கள் குடிக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆணுக்கு ஆகும், பெண்ணுக்கு ஆகாது என்பதும், செல்வனுக்கு ஆகும், ஏழைக்கு ஆகாது என்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பதையே சொல்லவந்தோம். ஒழுக்கத்தை ஆளுக்கு ஏற்ப அளக்கும் சட்டம் ஒழுக்கத்தை வளர்ப்பதில்லை.

கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய வழியாக மகியங்கனைக்குச் செல்லும் நெடுவீதியில் அமைந்தது எங்கள் ஹுன்னஸ்கிரிய. வீதியின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றின் பின்னே தும்பறை மலைகள். மத்திய மலைநாடு 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது நக்கிள்ஸ் வனமும் அதனுள் அடங்கியது. மீமுரேக்குச் செல்லும் பயணிகள் இங்கிருந்தே கிளைவழி பிரிகின்றனர். சுற்றுலா வளர்க, அதனால் எங்கள் இளைஞர்க்கு வேலை கிடைக்குமாயின் மகிழ்ச்சியே. ஆனால் மலைநாட்டுச் சிற்றூர்களில் ஓர் உண்மையை எல்லோரும் அறிவோம். சுற்றுலாப் பயணிக்கென்று அனுமதிப்பத்திரம் பெற்ற விடுதியின் முன்வாயிலில் பயணி நுழைவான். பின்வாயிலில் தோட்டத் தொழிலாளி நிற்பான். பத்திரத்தில் எழுதிய பெயர் விடுதி; நடைமுறையில் அது தவறணை.

தோட்டத் தொழிலாளியின் ஒருநாட் கூலி, ஒரு முழுப்போத்தல் சாராயத்தின் விலைக்குப் போதாது. ஆகையால் சிலர் கூடிப் பகிர்ந்து வாங்குவர். அதுவும் இயலாதபோது கசிப்பை நாடுவர். சம்பள நாளுக்கு மறுநாள் வகுப்பறையில் எத்தனை இருக்கைகள் வெறுமையாய் இருக்கும் என்பதை மலைநாட்டுப் பாடசாலை ஆசிரியர் எவரும் சொல்வர். பயிற்சிக் கொப்பி வாங்கப் பணமில்லை என்று தலைகுனிந்து நிற்கும் பிள்ளையிடம் காரணம் கேட்பதை நாங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டோம். லயத்து அறையில் இரவு நடந்ததைப் பகலில் அப்பிள்ளையின் வாயால் சொல்லவைத்தல் இரக்கமற்ற செயல்.

இப்பிள்ளைக்காக நீதிமன்றம் ஏறுவோர் யார்? நம் அரசியல் யாப்பின் 12ஆம் உறுப்பு சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. 14ஆம் உறுப்பு சட்டபூர்வமான தொழில் செய்யும் சுதந்திரத்தைத் தருகிறது. உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்பின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். உரிமம் மறுக்கப்பட்ட விடுதியாளர்க்கு அம்மாதம் போதும். கொழும்பில் அவர்க்குச் சட்டத்தரணிகள் உளர். தன் லயத்துக்கு அருகே மதுக்கடை திறக்கப்படுவதை, அது திறந்த நாளில்தான் அறியும் தோட்டத்துத் தாய்க்கு அம்மாதம் கண்ணிமைப்பொழுது. சட்டத்தின் முன் இருவரும் சமமே. சட்டத்தின் வாயிலை அடையும் வழியோ இருவர்க்கும் ஒன்றன்று.

இவ்விடத்தில் இரு தடைகள் எழுப்பப்படலாம். சுற்றுலாவுக்கு மது இன்றியமையாதது. அதனால் உயர்தர விடுதிக்கு விலக்களித்தல் தகும் என்பது ஒன்று. அங்ஙனமாயின் அதனை வருமானத்துக்காகச் செய்யும் ஏற்பாடு என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். மதுவிலக்கு என்ற அறப்பெயரை அதற்குச் சூட்டவேண்டா. மற்றொன்று, யாவர்க்கும் ஒருங்கே முழுத்தடை விதித்தால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது. இதில் பேருண்மை உண்டு. 2016இல் முழு மதுவிலக்கை மேற்கொண்ட பீகாரில், பெருவிடுதிக்கும் விலக்கில்லை. எனினும் நச்சுச் சாராயத்தால் பலர் மாண்டனர். 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் நேர்ந்த சாவுகள் நாட்டையே கலங்கச் செய்தன. எனவே ஒரே நாளில் அனைத்தையும் அடைத்துவிடுக என்று நாம் கூறவில்லை. தடை மிகுதியாயினும் குறைவாயினும், அது யாவர்க்கும் ஒரு நிகராக இருத்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதற்கு மூன்று செயல்கள் இன்றியமையாதவை. முதலாவது, விற்பனை நேரம், வயது, பாடசாலைக்கும் கோயிலுக்கும் உள்ள தூரம், போயா நாள் ஒழுங்கு ஆகிய விதிகள் தவறணைக்கும் விடுதிக்கும் வேறுபாடின்றி ஒன்றாதல் வேண்டும். சுற்றுலா விடுதி என்ற பெயர்ப்பலகை அவ்விதிகளினின்று தப்பும் சீட்டாகலாகாது. இரண்டாவது, முன்னாளில் வழங்கிய ஊர் வாக்கெடுப்பு முறை உயிர்பெறல் வேண்டும். அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பம் வந்தவுடன் அதனைச் சிங்களத்திலும் தமிழிலும் ஊரில் அறிவித்து, தோட்டத்து மக்கள் உட்பட அங்கு வாழும் யாவரின் இசைவையும் கேட்டபின்னரே முடிவெடுத்தல் தகும். லயத்தில் வாழ்வோர் ஊரவர் அல்லர் என்ற பழைய எண்ணத்தோடு அவ்வாக்கெடுப்பு நடைபெறுமாயின் அதுவும் பயனற்றதே. மூன்றாவது, மதுவரியால் வரும் பெரும்பணத்தின் ஒரு பகுதியேனும் குடிநோயாளரின் சிகிச்சைக்கும், மாலை நேரத்தில் உழைப்பாளி சென்று அமரத்தக்க வாசிகசாலைக்கும், அவன் பிள்ளையின் கல்விக்கும் திரும்பி வருதல் வேண்டும். ஏழையின் குடியால் திறைசேரி நிறையுமாயின், அந்நிறைவில் அவனுக்கும் பங்குண்டு.

அதிகாரம் உண்டா என்று மட்டும் மன்றத்தைக் கேட்டு வெற்றிபெற்ற அரசுகள், சில திங்களில் தம் கொள்கையைத் தாமே கைவிட்டதைக் கேரளத்தில் கண்டோம். நடுவுநிலைமையோடு வகுத்த விதிக்கு மக்களே காவலர் ஆவர். வழக்குகள் பல வந்தாலும் அது நிலைக்கும். மது உரிமம் பற்றிய சட்டம் எதனையும் ஆராயும்போது, நம் மாணவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ஐந்து நட்சத்திர விடுதியில் தங்கியிருப்பவனையும் லயத்து அறையில் உறங்குபவனையும் இச்சட்டம் ஒரே கண்ணால் பார்க்கிறதா? பார்க்கிறதெனின், அதன் கடுமை எத்துணையாயினும் அதனைத் தாங்கி நிற்போம். இல்லையெனின், எத்தனை நீதிபதிகள் அதனை ஏற்றாலும், திருத்தும்வரை எழுதிக்கொண்டே இருத்தல் நம் கடன்.